டிசம்பரில் எழுதி வைத்த தாள்

பள்ளி திறக்க இன்னும் மூன்று நாள்.
சிலோவே தீவின் மழைக்கு நாள்காட்டி தெரியாது,
மார்ச் பிறந்ததும் வந்து உட்கார்ந்துகொண்டது.
உப்புக்காற்றில் இறுகிய பூட்டை
இரண்டு கையாலும் திருகித் திறந்தேன்.
உள்ளே
போன வருடத்தின் மூச்சு அப்படியே நின்றிருந்தது:
ஈரக் கம்பளி, சாக்பீஸ் தூள்,
மேசைக்கடியில் யாரோ ஒட்டிய பபிள்கம்.

நாற்காலிகளை எண்ணினேன். பதினேழு.
பட்டியலில் இருபத்து மூன்று பேர்.
எப்போதும் இப்படித்தான்,
கழித்தல் கணக்கில் தொடங்கும் வருடம்.

இழுப்பறையில்
உயிர் போன பேனாக்களுக்கு அடியில்
நாலாய் மடித்த ஒரு தாள்.
என் கையெழுத்துதான், ஆனால்
காய்ச்சல்காரி எழுதியதுபோல் சாய்ந்து கிடந்தது.
தேதி டிசம்பர் பதினெட்டு.
தொண்டை கட்டிப்போய்
கைதட்டியே பாடம் நடத்தினேனே,
அந்த வாரம்.

"மிரேயா" என்று தொடங்கியிருந்தேன்,
அடுத்த வீட்டுக்காரிக்கு எழுதுவதுபோல்.

"தண்ணீர் குடி.
பாட்டிலை மேசையில் அழகுக்கு வைக்காதே, குடி.
கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் போ.
நீ திரும்பி வருவதற்குள்
பள்ளி இடிந்து விழுந்துவிடாது.
எண்பது வருடமாய் நிற்கிற மரம் இது.

வியாழக்கிழமைகளில்
விடைத்தாள் கட்டைப் படகில் ஏற்றாதே.
ஒருநாள் பின்னக் கணக்கெல்லாம்
கடலில் விழுந்ததே, ஞாபகமிருக்கிறதா?
பிள்ளைகளில் ஒருவர்கூட அழவில்லை.
நீதான் அழுதாய்.

எரிபெர்த்தோ நாற்காலியை எறிந்தது
உன்மேல் அல்ல.
அவன் அப்பாவுக்குச் சால்மன் பண்ணையில்
வேலை போன வாரம் அது.
மூன்று மாதம் கழித்துத்தான் உனக்குத் தெரிந்தது.
தெரியாமலேயே அன்றைக்கு
உன் ரொட்டியில் பாதியை அவனுக்குப் பிட்டுக் கொடுத்தாய்.
இதை எழுதி வைக்கிறேன்,
நீ மறந்துவிடுவாய்.
தவறுகளுக்கு மட்டும்தான் உனக்கு நல்ல ஞாபகசக்தி."

அடுத்த வரியை ஈரம் தின்றிருந்தது.
நீல மை கரைந்து ஒரு சின்னக் குட்டை.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தேன்.
'எது நடந்தாலும்' தெரிகிறது.
கோடியில் ஒரு 'வேண்டாம்'.
நடுவில் என்ன சொன்னேன் எனக்கு நானே?
எது நடந்தாலும் கத்த வேண்டாமா?
ராஜினாமா வேண்டாமா?
இரவு பதினொன்றுக்கு வரும்
பெற்றோர் செய்திக்குப் பதில் வேண்டாமா?

விறகு சுமந்துகொண்டு வந்தான் உபால்தோ,
பக்கத்து வகுப்பு, அறிவியல்.
கோடை முழுக்கச் சிப்பி அள்ளிக் கறுத்திருந்தான்.
தாளை வாங்கி மூக்கருகே வைத்துப் படித்து
"எது நடந்தாலும்
மத்தியானச் சாப்பாட்டை விட வேண்டாம்"
என்றான் தீர்ப்புச் சொல்வதுபோல்.
அவனுக்குப் பசி.

அடுப்பைப் பற்றவைத்து
உருளைக்கிழங்கு மில்காவோவைச் சூடாக்கினோம்.
ஏழு வயதுக்காரர்களின் நாற்காலியில்
முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து தின்றோம்.
பயமாயிருக்கிறது என்றேன்.
இருபத்தோராவது வருடம் எனக்கு.
எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வரும் என்றான்,
வயிற்றில், சரியாக மாலை ஐந்து மணிக்கு.
அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.
ஓட்டில் மழை பேசிக்கொண்டிருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவனிடம்
"சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஆறு நாற்காலி கிடைக்குமா?" என்றேன்.
இரண்டு நடை நடந்தான்.
சுவரோரம் அடுக்கியதை எண்ணினேன்.
ஏழு.

"கணக்கு டீச்சர்,
வருடம் முழுக்க நீ நிற்கப் போகிறாயா?"

பதில் சொல்லவில்லை.
ஏழாவதை இழுத்து ஜன்னலோரம் போட்டு
ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன்.
அங்கிருந்து
கடல் கொஞ்சம் தெரிகிறது.
இத்தனை வருடமாய் எனக்குத் தெரியாது.